மணப்பாகு: இருமல் மருந்தின் வரலாறு

அரசர்தம் போர்களையும் பட்டாபிஷேகங்களையும் கூறுவதே சரித்திரம் என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். அடுக்களையில் ஏறிய பானைக்கும் ஒரு சரித்திரம் உண்டென்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குழந்தை இருமும்போது தாய் எடுத்து ஊட்டும் ஒரு கரண்டிப் பாகு எங்கிருந்து வந்தது, எத்தனை கை மாறி வந்தது, அதனுள் யாது உளது என்னும் வினா சிறு வினாவன்று. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாடா ஜில்லாவில் இருமற் பாகு உண்ட இளங் குழந்தைகள் இருபதின்மர்க்கு மேற்பட்டோர் சிறுநீரகங் கெட்டு மாண்டனர். அப்பாகு நமது தமிழ்நாட்டுக் காஞ்சிபுரம் ஜில்லாவிற் செய்யப்பெற்றது. இருமல் தீர்க்கவென்று கொடுத்த மருந்து உயிர் தீர்த்தது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண வேண்டின் இருமற் பாகின் வரலாற்றை அடியிலிருந்து ஆராய வேண்டும். அதனை யாம் இயன்றவரை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முதற்கண், பாகு என்பது ஏன் தோன்றிற்று என்பதை நோக்குவோம். சித்த மருத்துவ நூல்கள் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளை 32 வகையாகவும், வெளியே இடும் மருந்துகளை 32 வகையாகவும் வகுத்துக் கூறும். உள்மருந்துகள் ஒவ்வொன்றும் எத்துணைக் காலம் வீரியங் கெடாமல் நிற்கும் என்னும் வரையறையும் அவற்றிற் காணப்படும். சாறு, குடிநீர், கற்கம் முதலியன ஒரு சாமம், அதாவது 3 மணி நேரமே நிற்பன. சூரணம் 3 மாதம் நிற்கும். மணப்பாகு, நெய், இரசாயனம், இளகம் ஆகியன 6 மாதம் நிற்கும். இவ்வரையறையை நோக்குமிடத்து ஓர் உண்மை விளங்கும். காலையிற் காய்ச்சிய ஆடாதோடைக் குடிநீர் நண்பகலிற் பயனற்றதாகும். அதே குடிநீரைப் பாகாக்கி வைத்தால் அரை ஆண்டு உதவும். இருமல் நள்ளிரவில் வரும்; மழைக்காலத்தில் வரும்; பச்சிலை பறிக்க இயலாத வேளையில் வரும். அவ்வேளைக்கு வீட்டிற் சித்தமாயிருக்க வேண்டும் என்னும் தேவையே பாகைப் பிறப்பித்தது.

செய்முறையும் எளிது. மூலிகையை நறுக்கி இடித்து, நீர் வார்த்து, நாலில் ஒன்றாகவேனும் எட்டில் ஒன்றாகவேனும் வற்றக் காய்ச்சி வடிகட்டுவர். அந்நீரிற் கற்கண்டையோ சர்க்கரையையோ பனைவெல்லத்தையோ இட்டு மீண்டும் அடுப்பேற்றுவர். மணம் எழுந்து தேன் பதம் வந்தவுடன் இறக்குவர். மணம் எழும் பாகாதலின் மணப்பாகு என்னும் பெயர் இதற்கு இயைவதாயிற்று.

பாகு ஏன் கெடுவதில்லை என்பதற்கு இக்காலத்து இரசாயன நூலார் காரணங் காட்டுகின்றனர். நீரிற் கரைந்த சர்க்கரை மிகுந்தவிடத்து, அந்நீர் சர்க்கரையோடு பிணைப்புண்டு நிற்கும். நுண்கிருமிகள் வளர்வதற்கு வேண்டிய நீர் அவற்றிற்குக் கிட்டாது. மாறாக அவற்றின் உடலிலுள்ள நீரையே பாகு உறிஞ்சிக்கொள்ளும். ஆங்கில மருந்துநூலில் வெறும் பாகுக்கு விதித்த அளவு, நூறு பங்கு எடையில் ஏறத்தாழ 66.7 பங்கு சர்க்கரை என்பதாகும். அளவு குறைந்தாற் பாகு நுரைத்துப் புளிக்கும். மிகுந்தாற் சர்க்கரை உறைந்து அடியிற் படியும். நம் பாட்டிமார் தராசின்றி, கரண்டியிலிருந்து விழும் துளியின் நிலை கண்டே இப்பதத்தை அறிந்திருந்தனர். இனிப்பிற்கு வேறு தொழில்களும் உண்டு. அது கசப்பை மறைக்கும். வரண்ட தொண்டையின்மேற் படிந்து அரிப்பை ஆற்றும். இருமல் தணிவதில் இவ்வாறு படிந்து ஆற்றுதலுக்கே பெரும்பங்கு உண்டென்று ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர்.

நிற்க. பாகுக்கு முதலாகிய சர்க்கரை இந்நாட்டிலிருந்தே மேற்றிசை சென்றது. அலெக்சாந்தருடன் கி.மு. நான்காம் நூற்றாண்டில் வந்த கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் என்பான், தேனீக்களின்றியே தேன் தரும் நாணல் இந்நாட்டில் உண்டென்று வியந்து எழுதினான். புறநானூறும் அதியமானின் முன்னோர் கரும்பை இவண் கொணர்ந்தனர் என்று ஒரு பாட்டிற் குறிக்கின்றது. சர்க்கரா என்னும் வடசொல் பாரசீகத்திற் சக்கர் எனவும், அரபியிற் சுக்கர் எனவும் திரிந்து, ஐரோப்பிய மொழிகளுட் புகுந்தது. சர்க்கரையைக் கொண்டு மருந்து காய்ச்சும் கலையைப் பெரிதும் வளர்த்தவர் பாரசீகரும் அரபியருமாவர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஜுந்திஷாப்பூர் என்னும் பாரசீக நகரத்து மருத்துவரான சாபூர் இப்னு ஸஹ்ல் இயற்றிய மருந்துக் கோவையிற் பாகுகள் தனியிடம் பெற்றன. குடிக்கும் பொருளைக் குறிக்கும் ஷராப் என்னும் அரபுச் சொல்லே இலத்தீனிற் புகுந்து, ஆங்கிலத்திற் சிரப் என்றாயிற்று. அதே வேரினின்று பிறந்த சர்பத்து என்னும் சொல் நம்மிடையே நன்னாரி சர்பத்தாய் வழங்குகின்றது. இங்கிருந்து சென்ற சர்க்கரை, சிரப் என்னும் அயற்பெயர் பூண்டு புட்டிக்குள் அமர்ந்து நம் வீட்டிற்கே மீண்டு வந்தது என்றால் மிகையாகாது.

இனி, பாகினுள் இடும் மூலிகைகளைக் காண்போம். தூதுவளை, துளசி, கண்டங்கத்திரி, திப்பிலி, அதிமதுரம், கற்பூரவல்லி எனப் பல இருப்பினும், இருமலுக்கு முதன்மையாகக் கொள்ளப்பெற்றது ஆடாதோடையே. வேலியோரத்தில் வளர்ந்து, ஈட்டி போன்ற இலையும் வெண்ணிறப் பூவும் உடையதாய் நிற்கும் இச்செடியை ஆடு தொடாது. அதனாலேயே இப்பெயர் வந்தது என்பது மக்கள் வழக்கு. வடநூலார் இதனை வாசா, வாசகம் என்பர். சுவீடன் தேசத்துத் தாவர நூலார் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இலத்தீன் பெயர் சூட்டியபோது, இதற்கு ஜஸ்டீசியா ஆடாதோடா என்று பெயரிட்டார். இலங்கையிலும் தென்னாட்டிலும் வழங்கிய பெயரே அறிவுலகத்துப் பெயராய் நிலைத்தது நமக்குப் பெருமை தருவதாம்.

ஆங்கிலேயர் காலத்தில் இம்மூலிகைகளின்மீது மேனாட்டு மருத்துவர் கண்ணும் விழுந்தது. சென்னையிற் பணிபுரிந்த வைட்லா எயின்ஸ்லி என்பார் 1813-இல் இந்நாட்டு மருந்துப் பொருள்களைப் பற்றிய நூலொன்றைச் சென்னையிலேயே வெளியிட்டார். தமிழ்ப் பெயர்களைத் தந்து எழுதப்பெற்ற அந்நூலை விரித்து 1826-இல் இலண்டனில் மீண்டும் பதிப்பித்தார். பின்னர்ச் சென்னை மருத்துவராகிய முகைதீன் ஷரீப் என்பார், நாட்டு மருந்துகளின் பெயர்களைப் பல பாஷைகளிலும் ஒப்பிட்டு 1869-இல் நூலெழுதினார். நீலகிரியில் சிங்கோனாப் பட்டை ஆராயும் சர்க்கார் இரசாயனராயிருந்த டேவிட் ஹூப்பர் என்பார் 1888-இல் ஆடாதோடை இலையினின்று ஒரு காரப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு வாசிசின் என்னும் பெயர் வழங்கலாயிற்று. கல்கத்தாவில் கர்னல் சோப்ரா முதலியோர் 1920-களில் அதன் குணங்களைச் சோதித்தனர்.

ஹூப்பர் கண்ட வாசிசின் பின்னர்ப் பெருமரமாய் வளர்ந்தது. ஜெர்மனி நாட்டு இரசாயனர் அதன் அமைப்பை மாதிரியாகக் கொண்டு புரோம்ஹெக்சின் என்னும் மருந்தை ஆக்கினர். 1960-களில் அது விற்பனைக்கு வந்தது. அம்மருந்து உடலினுள் மாறித் தோன்றும் அம்புராக்சால் என்பது 1970-களின் இறுதியில் தனி மருந்தாய் வெளிவந்தது. நெஞ்சிற் கட்டிய கோழையை இளக்குவதற்கு டாக்டர்கள் இன்றும் இவ்விரண்டையும் எழுதிக் கொடுக்கின்றனர். நம் வேலிச் செடி உலகத்து மருந்துக் கடைகளில் இவ்வாறு வேற்றுருவில் வாழ்கின்றது.

இவ்வாறிருக்க, வீட்டுப் பானை புட்டியாக மாறிய கதையும் கூறற்பாலது. வங்கத்து ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் 1892-இல் ஏறத்தாழ 700 ரூபாய் முதலுடன் கல்கத்தாவில் மருந்துத் தொழிற்சாலை யொன்றைத் தொடங்கினார். 1901-இல் அது பெங்கால் கெமிக்கல் கம்பெனியாய்ப் பதிவாயிற்று. மேனாட்டு மருந்துகளைச் செய்வதோடு நில்லாது, அமூல்ய சரண் போஸ் என்னும் மருத்துவ நண்பர் தூண்டுதலால், நாட்டு மூலிகைகளையும் புட்டியிலடைத்து விற்கலாயினர். வாசகப் பாகு அவற்றுள் ஒன்று. சீமைப் புட்டியையே நம்பிய படித்தவரிடத்தில் நாட்டு இலையின் சாரத்தை அதே புட்டியில் வைத்துக் கொண்டு சேர்த்தது அம்முயற்சி.

நமது மாகாணத்திலும் முயற்சிகள் நிகழ்ந்தன. நாட்டு வைத்தியத்தின் தகுதியை ஆராய 1921-இல் சென்னைச் சர்க்கார் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டி ஏற்படுத்தினர். கேப்டன் சீனிவாசமூர்த்தி அதற்குக் காரியதரிசியாயிருந்தார். அதன் அறிக்கை 1923-இல் வெளிவந்தது. அதன் பயனாக 1924-இல் சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் கற்பிக்கும் சர்க்கார் பள்ளி சென்னையில் தோன்றியது. 1944-இல் நாட்டு மருத்துவர்கள் தாமே உறுப்பினராய்க் கூடி, கூட்டுறவு முறையில் மருந்துசெய் நிலையம் ஒன்றையும் சென்னையில் நிறுவினர். ஆடாதோடை மணப்பாகு அதிகாரபூர்வமான சித்த மருந்துச் செய்முறைத் தொகுப்பில் இடம் பெற்று இன்றளவும் செய்யப்படுகின்றது.

புட்டியால் விளைந்த நன்மையை யாம் மறுக்கவில்லை. நகரத்தில் வாழ்வோர்க்கு வேலியும் இல்லை, ஆடாதோடையும் இல்லை. அளவு ஒன்றாயிருத்தலும், செய்த நாள் குறித்திருத்தலும் நன்மையே. ஆயினும் ஒன்று இழந்தோம். பானை வீட்டிலிருந்தவரை அதனுள் இட்டது இலை, நீர், சர்க்கரை என்னும் மூன்றே என்பதை வீட்டார் அனைவரும் அறிவர். புட்டி வந்தபின் பாகைக் காய்ச்சியவர் யார், எதனாற் காய்ச்சினர் என்பது உண்பவர்க்குத் தெரியாமற் போயிற்று. இனிப்பு எதனையும் மறைக்க வல்லது. கசப்பை மறைத்தது போலவே அது நஞ்சையும் மறைத்தது.

இதற்கு முதற் சான்று மேனாட்டில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அபினும் அபினிலிருந்து பிரித்த மார்பீனும் கலந்த இனிப்புப் பாகுகள் குழந்தைகளைத் தூங்க வைக்கவும் இருமல் அடக்கவும் பகிரங்கமாய் விற்கப்பட்டன. 1898-இல் ஜெர்மன் கம்பெனி யொன்று ஹெராயின் என்னும் பொருளை இருமல் மருந்தெனவே விளம்பரப்படுத்தி விற்றது. இருமல் அடங்கியது, குழந்தையின் மூச்சும் உடன் அடங்கிய இடங்கள் உண்டு. புட்டியின்மேல் உள்ளிருப்பதை எழுத வேண்டும் என்னும் விதி அமெரிக்காவில் 1906-இற்றான் வந்தது.

அடுத்து வந்த கேடு இதனினும் நுட்பமானது. அது மருந்தில் இல்லை. மருந்தைக் கரைத்த நீர்மத்தில் இருந்தது. மூலிகையின் சாரம் நீரிலேயே இறங்கும். ஆதலின் பழைய பாகுக்கு நீரும் சர்க்கரையும் போதும். புதிய இரசாயன மருந்துகள் பல நீரில் எளிதிற் கரைவதில்லை. அவற்றைக் கரைக்கக் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் முதலிய நீர்மங்கள் வேண்டும். இவை பாகு போற் கொழகொழப்பும் இனிப்பும் உடையன; தூய்மையாயின் தீங்கற்றன. இவற்றையொத்த இனிப்பும் கொழகொழப்பும் உடையதாய், விலை மலிந்ததாய், இயந்திரத் தொழில்களுக்குப் பயன்படுவதாய் மற்றொரு நீர்மம் உண்டு. டைஎத்திலீன் கிளைக்கால் என்பது அதன் பெயர். கண்ணாலும் நாவாலும் இவற்றைப் பிரித்தறிய இயலாது. வயிற்றுட் சென்றால் அது சிறுநீரகத்தை அழிக்கும், சிறுநீர் நின்றுபோகும், சில நாட்களில் உயிர் பிரியும்.

1937-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கம்பெனி யொன்று சல்பனிலமைடு என்னும் மருந்தைக் குழந்தைகளும் குடிக்கத்தக்க நீர்மமாக்க விரும்பிற்று. டைஎத்திலீன் கிளைக்காலில் அது நன்கு கரைந்தது. சுவை பார்த்தனர், மணம் பார்த்தனர், நிறம் பார்த்தனர், நஞ்சுண்டோவென்று மட்டும் பார்த்திலர். 105 பேர் மாண்டனர். அவருள் 34 பேர் குழந்தைகள். அக்காலத்துச் சட்டம் நஞ்சு விற்றதற்காக அக்கம்பெனியைப் பிடிக்க இயலாததாயிருந்தது. எலிக்சர் என்று பெயரிட்ட மருந்தில் மதுசாரம் இருத்தல் வேண்டும், இதில் இல்லை என்னும் பெயர்க் குற்றத்தையே சாட்ட நேர்ந்தது. அதன் பின்னரே, விற்குமுன் தீங்கின்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சட்டம் 1938-இல் அங்கு இயற்றப்பட்டது.

ஒரு தேசம் கற்ற பாடத்தை மற்றத் தேசங்கள் கல்லாமற் போனதே இவ்வரலாற்றின் துயரம். 1972-இல் நம் சென்னையிலேயே குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்துப் பாகில் இந்நஞ்சு கலந்து குழந்தைகள் மாண்டனர். 1986-இல் பம்பாய் ஆஸ்பத்திரி யொன்றில் இது கலந்த கிளிசரினால் 14 நோயாளர் இறந்தனர். நீதிபதி லெண்டின் அதனை விசாரித்தார். 1998-இல் டில்லியை அடுத்த குர்கானில் இருமற் பாகினாற் குழந்தைகள் முப்பதின்மர்க்கு மேல் இறந்தனர். 2006-இல் பனாமா தேசத்தில் இருமற் பாகு நூற்றுக்குக் குறையாத உயிர்களைக் கொண்டது. கிளிசரின் எனச் சீட்டொட்டிக் கடல் கடந்து வந்த பீப்பாய்களில் இருந்தது கிளிசரின் அன்று. 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் ஏறத்தாழ 70 குழந்தைகள் மாண்டனர். அவருக்குக் கொடுத்த பாகு நம் நாட்டில் அரியானாவிற் செய்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்தது. ஈற்றில் 2025-இல் யாம் முதலிற் கூறிய சிந்துவாடாத் துயரம். அப்பாகைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் சோதித்தபோது நூற்றில் 48.6 பங்கு டைஎத்திலீன் கிளைக்கால் காணப்பட்டது. மருந்துநூல் பொறுக்கும் எல்லை நூற்றில் 0.1 பங்கு மட்டுமே. அஃதாவது, புட்டியிற் செம்பாதி நஞ்சு.

அன்பர்கள் ஒன்று கருத வேண்டும். இத்தனை இடங்களிலும் கொன்றது மருந்தன்று, பாகே. கிளிசரினைக் கொள்முதல் செய்தவர் பீப்பாயைச் சோதித்திருப்பின், பாகு செய்தவர் ஒவ்வொரு காய்ச்சலையும் சோதித்திருப்பின், இவ்வுயிர்கள் போயிரா. சோதிக்கும் முறை புதியதுமன்று, அறியப்படாததுமன்று. சட்டமும் இல்லாமலில்லை. கர்னல் சோப்ரா தலைமையில் 1930-31-இல் நிகழ்ந்த மருந்து விசாரணைக் கமிட்டி, சந்தையில் கலப்பட மருந்து மலிந்திருத்தலை எடுத்துக் காட்டிற்று. அதன் வழியே 1940-இல் மருந்துச் சட்டம் வந்தது. 1964-இல் திருத்தம் செய்து நாட்டு மருந்துகளையும் அச்சட்டத்துட் கொணர்ந்தனர். காம்பியாத் துயரத்திற்குப் பின், வெளிநாட்டிற்கு ஏற்றும் இருமற் பாகைச் சர்க்கார் ஒப்பிய சோதனைச் சாலையிற் சோதித்த பின்னரே அனுப்ப வேண்டும் என்னும் ஆணை 2023 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டில் விற்கும் பாகுக்கு அவ்வாணை விதிக்கப்படவில்லை. அயலார் குழந்தைக்குச் செய்த காவலை நம் குழந்தைக்குச் செய்யாது விட்டது வருந்தத்தக்கது. ஒவ்வொரு காய்ச்சலையும் செய்வோரே சோதிக்க வேண்டும் என்னும் விதி முன்னரே இருந்தும், அது ஏட்டில் இருந்தது.

இதனைக் கேட்டுச் சிலர், இனி மேனாட்டுப் பாகே வேண்டா, மூலிகை என்று எழுதியிருப்பதை வாங்குவோம் எனலாம். அதுவும் ஆராயாத கூற்றேயாம். மூலிகைப் பாகாயினும் ஆலையிற் செய்வது ஆலையிற் செய்வதே. அதிலும் கிளிசரின் முதலியவற்றைச் சேர்த்தல் உண்டு. புட்டியில் இலையின் படம் இருத்தல் உள்ளே இருப்பதற்குச் சாட்சியாகாது. வீட்டுப் பாகும் எல்லாவற்றையும் தீர்ப்பதன்று. ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. ஆதலாற் கர்ப்பிணிகள் அதனை உட்கொள்ளலாகாது. தேன் ஓர் ஆண்டு நிரம்பாத குழந்தைக்கு ஆகாது; தேனில் உறங்கும் ஒருவகை விதைக்கிருமி அக்குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைத் தளரச் செய்யும். இந்நோய் 1976-இல் அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஓராண்டு கடந்த குழந்தைக்கு ஒரு சிறு கரண்டித் தேன் இரவு இருமலைத் தணிக்க வல்லது என்பதை ஆராய்ச்சிகளும் ஒப்புகின்றன. க்ஷயரோகத்திற்கு ஆடாதோடை ஒன்றே போதும் என்னும் பழைய நம்பிக்கையும் விடத்தக்கது. அது கோழையை இளக்கும். க்ஷயக் கிருமியை அழித்து நோய் தீர்க்காது. அதற்கு ஏற்ற மருந்துகள் உள; சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கும்.

ஆதலின் நம் குடும்பத்தார் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறி இதனை முடிக்க எண்ணுகின்றோம். 2025 அக்டோபரில் மத்திய சர்க்காரின் சுகாதார இயக்ககம் டாக்டர்களுக்கு விடுத்த அறிவிப்பில், 2 வயது நிரம்பாத குழந்தைகளுக்கு இருமல் சளி மருந்து கொடுக்கலாகாது என்றும், 5 வயதிற்குட்பட்டோர்க்கும் பொதுவாகத் தக்கதன்று என்றும் கூறியுள்ளனர். குழந்தைகளின் இருமலிற் பெரும்பாலன மருந்தின்றித் தாமே தணிவன என்பதும் அதன் கருத்து. நீர் ஆகாரமும் ஓய்வுமே அவர்க்கு முதல் மருந்து. மூச்சு விரைந்தாலும், விலாவின் கீழ் உள்வாங்கினாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உடனே டாக்டரிடம் கொண்டு செல்க. பாகு உண்ட குழந்தைக்குச் சிறுநீர் குறையுமாயின் ஒரு நாழிகையும் தாமதியாது புட்டியுடன் ஆஸ்பத்திரிக்கு ஓடுக, புட்டியை எறிந்துவிடலாகாது. பெரியோர்க்கு இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடிப்பினும், கோழையில் இரத்தங் காணினும், கோழையைச் சோதித்துக்கொள்க. பாகு வாங்குவார், செய்தவர் பெயர், லைசென்ஸ் எண், செய்த நாள், தொகுதி எண் ஆகியவற்றைப் பார்த்து, ரசீது பெற்று வாங்குக. சர்க்கார் தடுத்த தொகுதி எண் பத்திரிகையில் வருமாயின், வீட்டுப் புட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க.

நம்மவருள் மருந்துக் கடை வைத்திருப்போரும், மருந்தாலைகளில் வேலை செய்வோரும், அவற்றை நடத்துவோரும் இருத்தல் கூடும். அவர்க்குத் தனியாக ஒன்று கூற விரும்புகின்றோம். முற்காலத்திற் பாகு காய்ச்சியவள் அப்பாகை முதலில் தன் நாவில் இட்டுப் பார்த்து, பின்னர்த் தன் குழந்தைக்கு ஊட்டினாள். அவளுக்குச் சட்டம் வேண்டியிருக்கவில்லை. தன் குழந்தையே அவளுக்குச் சட்டம். இக்காலத்தில் நாவு போதாது. நாவிற்கு இந்நஞ்சும் இனிக்கும். நாவிருந்த இடத்திற் சோதனைச் சாலை இருத்தல் வேண்டும். பீப்பாய்க்குச் சில நூறு ரூபாய் மிச்சமாகும் என்று சோதியாது விடுபவர், அறியாத ஊரிலுள்ள அறியாத தாயின் கரண்டியில் எதனை வார்க்கின்றார் என்பதை எண்ணுவாராக. பாகு காய்ச்சுதல் நம் நாட்டில் அறமாகக் கருதப்பெற்ற தொழில். அதனை அறமாகவே செய்க என்பது எம் விண்ணப்பம்.